நோயாளிக்கு வழி விடுங்கள்

மாதம்பைக்கு அப்பாலிருந்த பெற்றோல் செட்டில் எண்ணெய் அடிக்க வந்தவர், கண்ணாடி வழியே பின்னிருக்கையை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“சைபர் பாருங்க மிஸ்,” என்றார், கைக்குழந்தை உறங்கும் வீட்டில் பேசுவதைப் போல.

றுஷ்னா மானியின் பூச்சியத்தைப் பார்த்துத் தலையசைத்தாள். இருபத்தோராண்டுகளாக இங்கிலாந்தில் வாழ்ந்துவிட்டவளுக்குக் காரைவிட்டு இறங்காமலே எண்ணெய் அடிப்பிப்பது கூச்சத்தைத் தந்தது. லெஸ்டரில் அவளே இறங்கி, அவளே குழாயைப் பிடித்து, விரல்களில் மணம் ஒட்ட நிரப்பி, உள்ளே போய்க் குழாயின் இலக்கத்தைச் சொல்லிக் காசு கட்டுவாள். ஒருமுறை நினைவு பிசகிக் காசு கட்டாமல் இரண்டு மைல் வந்துவிட்டு, திரும்பிப் போய்க் கட்டியவள் அவள். ‘அடித்த எண்ணெய்க்குக் காசு கொடுக்காமல் நான் ஓரிடத்திலிருந்தும் போனதில்லை’ என்று தனக்குள் சொல்லிக்கொள்ளும் வழக்கம் அவளுக்கு இருந்தது. கடந்த மூன்று ஆண்டுகளாக அதைச் சற்று அதிகமாகவே சொல்லிவந்தாள்.

அவளுக்கு முன்னே வந்து நின்ற நான்கு ஓட்டோக்கள் இன்னும் காத்திருந்தன. அவற்றைத் தாண்டித் தன்னை ஏன் அழைத்தார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“அவங்க முதல்ல வந்தாங்கதானே?”

“அதுகள் நிக்கட்டும் மிஸ். பின்னுக்கு அம்மாவுக்கு ஏலாமத்தானே இருக்குது. கெதியா போங்க.”

அவள் திரும்பிப் பார்த்தாள். வாடகைக் காரின் பின்னிருக்கையில், இன்னும் உரிக்கப்படாத பொலித்தீன் உறையின் மேல், அவளுடைய தோள்பையும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் கிடந்தன. வேறெதுவும் இல்லை.

எந்த அம்மா என்ற கேள்வி நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் ஓட்டோக்காரர்கள் நால்வரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தொப்பியைக்கூடக் கழற்றியிருந்தார். அவர்களை முந்தியாயிற்று, எண்ணெயும் அடித்தாயிற்று, இனி ‘ஒருவரும் இல்லை’ என்று சொன்னால் அந்த நான்கு முகங்களும் எப்படி மாறும் என்பதை அவள் எண்ணிப் பார்த்தாள். ஐந்து மணிக்குள் கற்பிட்டியில் இருக்கவும் வேண்டும்.

“ஓம்,” என்றாள்.

ஒரே ஒரு சொல். ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டிவிட்டு, எரிபொருள் முள் பாதிக்கு மேலே ஏறி நிற்பதைப் பார்த்துக்கொண்டு, வீதிக்கு வந்தாள்.

சிலாபத்தைக் கடந்தபோது போன் அடித்தது. சின்னம்மாவின் மகன், தம்பி முறையான ஹாசிம்.

“எங்க ராத்தா வாறீங்க? இங்கிலாந்துல போல ஹோர்ன் அடிக்காம ஓட்டினா நம்மட லொறிக்காரன் வழி விட மாட்டான், செல்லிட்டன்.”

“சிலாபம் தாண்டிட்டேன். அந்த மனிசன் வருவாரா?”

“மரியநாயகமா? அஞ்சு மணிக்கே படகு ஜெட்டியில நிப்பார். என்னத்துக்கு எண்டு கேட்டார். எனக்கே நீங்க செல்லல்ல, நான் என்னத்தச் செல்ல? மாப்பிள்ளை கேட்டு வாறாங்க எண்டு செல்லி வச்சிருக்கேன்.”

“வாயை மூடு ஹாசிம்.”

“சரி, சரி. அது இருக்கட்டும், பக்கத்துல ஆரு? மூச்சு இழுக்கிற சத்தம் கேக்குதே.”

“ஏஸி.”

“ஏஸிக்கு இளைப்பு வந்திருக்கு. வாற வழியில டொக்டர்ட்டக் காட்டுங்க.” சிரித்துக்கொண்டே போனை வைத்தான்.

றுஷ்னா ஏஸியை நிறுத்தினாள். கண்ணாடியைச் சிறிது இறக்கினாள். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று உப்பையும் காய்ந்த கருவாட்டு மணத்தையும் கொண்டு வந்து அவளுடைய முக்காட்டைப் படபடக்கச் செய்தது. அந்தப் படபடப்புக்கு அடியில் வேறொரு சத்தம் இருக்கிறதா என்று செவி கொடுத்துக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

அவள் வருவதன் காரணத்தை ஹாசிமிடம் சொல்லவில்லை. எவரிடமும் சொல்லவில்லை. அது அவளுக்கும், தைமாதத்தில் லெஸ்டரில் அடக்கம் செய்யப்பட்ட அவளுடைய உம்மா மபாஸாவுக்கும் மட்டுமே தெரிந்த விடயம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், நாடு முழுவதும் எண்ணெயில்லாமல் கிடந்த அந்த ஆனி மாதத்தில், உம்மாவை அழைத்துப் போக அவள் புத்தளத்துக்கு வந்திருந்தாள். உம்மாவின் விசா முடிய ஒரு நாள்தான் இருந்தது. மறுநாள் அதிகாலை விமானம். வாப்பாவின் பழைய காரிலோ கட்டுநாயக்காவுக்குப் போக எண்ணெய் இல்லை. பாலாவிச் சந்திக்கு அருகிலிருந்த செட்டில் வரிசை உப்பளம்வரை நீண்டிருந்தது. மனிதர்கள் இரண்டு நாட்களாக வெயிலில் கிடந்தார்கள். இடம் பறிபோகாதபடி தங்கள் கேன்களை ஒரே கயிற்றில் கோத்துக் கட்டியிருந்தார்கள். நோயாளி இருக்கும் வாகனத்துக்கு மட்டும் வரிசை வழி விடும். அப்படியொரு வழக்கத்தை அந்த வரிசை எவரும் சொல்லாமலே தனக்குத் தானே ஏற்படுத்திக்கொண்டிருந்தது.

உம்மாதான் முதலில் சொன்னாள். “நான் படுத்துக்குறேன் மகள்.” தன்னுடைய கறுப்புச் சால்வையைத் தலைமுதல் கால்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்னிருக்கையில் சரிந்தாள். றுஷ்னா இறங்கி ஓடி, “உம்மாவுக்கு நெஞ்சுவலி,” என்று அழுதாள். அந்த அழுகை அவ்வளவு இலகுவாக வந்ததைத்தான் பின்னாளில் அவளால் மறக்க முடியவில்லை.

வரிசையின் தலையில் நின்றவர், கற்பிட்டிக்கு எதிரே களப்பு நீருக்கு அப்பாலிருக்கும் உச்சமுனைத் தீவின் படகோட்டி ஒருவர். கற்பிட்டிக்கு எண்ணெய்ப் பவுசர் வந்து ஒன்பது நாளாகியதால், படகு இயந்திரத்துக்கென்று கிராம சேவகர் கொடுத்த கடிதத்தைப் பொலித்தீனில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பாலாவிவரை பஸ்ஸில் வந்திருந்தார். அவர் கயிற்றை அவிழ்த்துத் தன் மஞ்சள் கேனைப் பின்னே நகர்த்தி வைத்தார்.

“அம்மாவைக் கொண்டு போங்கோ தங்கச்சி. எனக்கு மூண்டு லீற்றர் போதும். பிறகு அடிக்கிறன்.”

எவ்வளவு என்று செட்காரர் கேட்டார். “ஃபுல் டேங்க்,” என்றாள் றுஷ்னா.

தாங்கி நிறையும் தறுவாயில் குழாய் இருமிக் காற்றைத் துப்பியது. செட்காரர் வரிசையை நோக்கி இரண்டு கைகளையும் விரித்தார். றுஷ்னா காசைக் கொடுத்தாள், மீதியைக்கூட வாங்கவில்லை. சந்தியில் வடக்கே திரும்பினால் புத்தளம் ஆசுபத்திரி. அவள் தெற்கே திருப்பினாள். கண்ணாடியில், மஞ்சள் கேனோடு நின்ற மனிதர் அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. சால்வையின் இடுக்கில் உம்மாவின் ஒரு கண்ணும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. மதுரங்குளி வந்ததும் உம்மா எழுந்து உட்கார்ந்து, “என்ட நடிப்பு எப்பிடி?” என்று கேட்டுச் சிரித்தாள். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பையிலிருந்த, மீன் பொதிந்த மாலுபாணைப் பிய்த்துப் பகிர்ந்து தின்றார்கள்.

பத்து நாள் கழித்து, உள்ளூர்ச் செய்தியொன்றை ஹாசிம் சாதாரணமாக அனுப்பிவைத்தான். உச்சமுனையிலிருந்து துடுப்புப் போட்டுக் கொண்டுவரப்பட்ட தர்சிகா என்ற நிறைமாதப் பெண், வயிற்றுப் பிள்ளையோடு நடுக்களப்பில் இறந்துபோனாள். அருகே தந்தையின் படம். காலடியில் மஞ்சள் கேன்.

அதன் பிறகு உம்மா காரின் பின்னிருக்கையில் ஏறவேயில்லை. கடைசி நாளில், “அந்த மனிசன்ட்ட உண்மையச் செல்லி மாப்புக் கேளு,” என்றாள். “நான் இன்னும் அந்தச் சீட்டுலதான் படுத்திருக்கேன் மகள். என்னை எழுப்பி விடு.” ஜனாஸாத் தொழுகைக்கு முன், மௌத்தானவர் எவருடைய மனத்தையேனும் நோகச் செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று இமாம் கேட்டபோது, லெஸ்டர்ப் பள்ளிவாசலில் நின்ற அத்தனை பேரும் மன்னித்தோம் என்றார்கள். மன்னிக்க வேண்டியவர் அங்கே இருக்கவில்லை.

முந்தல் ஊரை நெருங்கியபோது காரில் மணி அடித்தது.

டிங். டிங். டிங்.

அவள் தன் இருக்கைப் பட்டியைத் தொட்டுப் பார்த்தாள், மாட்டித்தான் இருந்தது. முகப்புப் பலகையில் சிவப்பாக மின்னியது பின்னிருக்கைக்கான விளக்கு. பின்னால் இருப்பவர் பட்டி அணியவில்லை என்று கார் சொல்லிக்கொண்டிருந்தது. தோள்பையின் பாரமாக இருக்கலாம். பையை எட்டி எடுத்து முன்னிருக்கையில் போட்டாள்.

மணி நிற்கவில்லை.

அதே நேரத்தில்தான் முள்ளையும் கண்டாள். பாதிக்கு மேலே நின்ற முள் அடியில் படுத்திருந்தது. நாற்பது கிலோமீற்றர்கூட ஓடவில்லை. அவள் காலை அழுத்த அழுத்தக் கார் முக்கியது. பள்ளங்களில் அதன் பின்புறம் தரையைத் தட்டியது, நான்கு பேரை ஏற்றிய வண்டியைப் போல.

முந்தல் செட்டில் எண்ணெய் அடித்தவள் ஓர் இளம்பெண். கௌசல்யா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தாள். லொறியொன்றை ஒதுங்கச் சொல்லிக் கையால் அதட்டிவிட்டு ஓடி வந்தாள்.

“எங்கேயோ ஒழுகுது போல,” என்றாள் றுஷ்னா. “கொஞ்சம் பாருங்க.”

கௌசல்யா குனிந்து அடியில் பார்த்தாள். “ஒண்டும் ஒழுகேல்லை அக்கா. காய்ஞ்சு கிடக்கு.” நிமிர்ந்தவள் பின் கண்ணாடியில் முகத்தை வைத்தாள். நெற்றி சுருங்கியது. “என்னக்கா நீங்கள்? நிறைமாசக்காரியை இப்படியே மல்லாக்கப் படுக்க வைக்கிறது? இடப்பக்கம் சரிச்சு விடுங்கோ. மூச்சு விட ஏலாமக் கிடக்கிறா, பாவம்.”

மாதம்பையில் அம்மா என்றார்கள். இங்கே நிறைமாசக்காரி.

“ஆரு?” என்று கேட்க நினைத்தாள். ஒதுங்கி நின்ற லொறியின் சாரதி தலையை நீட்டி, “கதையை விட்டிட்டு அடிச்சு அனுப்பு பிள்ளை, ஆபத்துக்கு!” என்று கத்தினான். எல்லாரும் அவளுக்காக அவசரப்பட்டார்கள். எல்லாரும் நல்லவர்களாக இருந்தார்கள்.

“ஆசுபத்திரிக்குத்தானே?” என்றாள் கௌசல்யா.

“ஓம்.”

கொடுத்த காசில் இருநூறு ரூபாயை அவள் திருப்பி றுஷ்னாவின் கைக்குள் திணித்தாள். “இளநி வாங்கிக் குடுங்கோ. தண்ணி தண்ணி எண்டு கேக்கிறா.”

செட்டைத் தாண்டி ஒரு வளைவில் றுஷ்னா காரை நிறுத்தினாள். இறங்கினாள். பட்டப்பகல். தென்னந்தோட்டத்து வேலி, தூரத்தில் இறால் பண்ணையின் நீர்ச்சக்கரங்கள் சளசளக்கும் ஓசை, வீதியில் அவளைப் பொருட்படுத்தாமல் நடந்து போகும் ஒரு மாடு. எல்லாம் இருந்தபடியே இருந்தன. அந்த ஒழுங்கிலிருந்து கொஞ்சம் துணிவைக் கடன் வாங்கிக்கொண்டு பின்கதவைத் திறந்தாள்.

ஒருவரும் இல்லை.

தண்ணீர்ப் போத்தல் மூடி திறந்து வெறுமையாகக் கிடந்தது. இருக்கையின் பொலித்தீன் உறை, ஓர் ஆள் படுத்து எழுந்த மெத்தையைப் போல, தலைக்கும் இடுப்புக்கும் குழிந்திருந்தது. அவள் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். ஜில்லென்றது. ஈரம். கையை முகர்ந்து பார்த்தாள். களப்புச் சேறு.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இடுப்புக்கான குழி இன்னும் சற்று ஆழமாகியது.

கதவை அறைந்து சாத்தினாள். கையில் சுருட்டியிருந்த இருநூறு ரூபாயைப் பார்த்தாள். போய்விடலாம். திரும்பிப் போய்விடலாம். ஆனால் உம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். ‘அவரிடம் சொல்லிவிட்டால் முடிந்தது,’ என்று வாய்விட்டே சொன்னாள். ‘ஒரு வசனம். நோயாளி இருக்கவில்லை, நாங்கள் பொய் சொன்னோம். அவ்வளவுதான். சொல்லிவிட்டால் இது இறங்கிவிடும்.’

மதுரங்குளியில், சாத்திய கண்ணாடிகளுக்குள், மாலுபாண் மணம் வந்தது.

மணி அடித்துக்கொண்டேயிருந்தது. முள் மறுபடி சரிந்தது. பாலாவியை அடைந்தபோது இயந்திரம் இருமத் தொடங்கியிருந்தது. அந்தச் செட்டைத் தவிர வேறு வழியில்லை என்பதை அவள் முன்பே அறிந்திருந்தாள் போலும், வியப்பே உண்டாகவில்லை.

ஏழெட்டு வாகனங்கள் நின்றன. அவள் கடைசியில் போய் நின்றாள். இந்த முறை வரிசையில் நிற்பேன். என் முறை வரும்வரை நிற்பேன். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி உப்பளத்தைப் பார்த்தாள். குவித்த உப்பின் வெண்மை கண்ணைக் குத்தியது.

முன்னே நின்ற வான் ஒதுங்கியது.

அதற்கு முன்னே நின்ற ஓட்டோ ஒதுங்கியது. பிறகு உழவு இயந்திரம். பிறகு எல்லாம். எவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. மனிதர்கள் இறங்கி இருபுறமும் நின்று, ஜனாஸா போகும் வீதியில் நிற்பவர்களைப் போலக் கைகளை முன்னே கட்டிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் சைகை காட்டினார். போங்கள்.

செட்காரர் கேட்கவேயில்லை, குழாயைச் செருகிவிட்டார்.

“மூண்டு லீற்றர் போதும்,” என்றாள் றுஷ்னா.

“ஃபுல் டேங்க் எண்டு செல்லிட்டாங்க.”

“ஆரு?”

அவர் அவளுக்குப் பின்னே பார்த்தார்.

அவள் காசை நீட்டினாள். அவர் கையைப் பின்னே இழுத்துக்கொண்டார்.

“வேணாம். நோயாளிட வண்டி.”

“எடுங்க. காசு குடுக்காம நான் போக மாட்டேன். தயவுசெய்து எடுங்க.” தாளை மறுபடி நீட்டினாள். “பாருங்க, பின்னால ஆரும்...”

இருபுறமும் நின்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். பொறுமையாக. வெயிலில். ஆரும் இல்லையென்றால், இவள் எப்படி எல்லாருக்கும் முன்னே வந்தாள்?

“நோயாளிதானே ராத்தா?” என்றார் செட்காரர்.

“ஓம்,” என்றது அவளுடைய வாய்.

காசு கொடுக்காமல் அவள் புறப்பட்டாள். வாழ்வில் முதல் தடவையாக, தெரிந்தே.

கற்பிட்டி வீதியில் அவள் நடுக்கண்ணாடியை மேலே திருப்பி விட்டுக்கொண்டு ஓட்டினாள். கூரையின் சாம்பல் நிறத் துணி மட்டுமே தெரிந்தது. காற்றாலைகளின் நிழல்கள் வீதியை அறுத்து அறுத்துப் போயின. மணி நின்றிருந்தது. பட்டி மாட்டப்படும் ‘க்ளிக்’ ஓசையை அவள் கேட்டிருந்தாள். இப்போது மூச்சு. இழுத்து, நிறுத்தி, விடும் மூச்சு. ஒவ்வொரு முறை விடும்போதும் அவளுடைய பிடரியில் ஈரம் பட்டது.

ஒரு வசனம். நோயாளி இருக்கவில்லை. நாங்கள் பொய் சொன்னோம்.

ஒரு வசனம்.

ஜெட்டியில் வெயில் சாய்ந்திருந்தது. களப்பு பித்தளைத் தட்டாக மின்னியது. மரியநாயகம் ஒரு படகின் அருகே நின்றார். படத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார். அவள் காரைத் தள்ளி நிறுத்திவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

“ஐயா, நான்...”

“தெரியும் தங்கச்சி. முகத்தை மறப்பனே?” அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. “ஹாசிம் தம்பி மாப்பிள்ளை கேட்டு வாறியள் எண்டு பகிடி விட்டவன். என்னட்டக் குடுக்கப் பிள்ளை ஏது? இருந்த ஒண்டும் போட்டுது.”

“அதுக்குத்தான் ஐயா வந்தேன். அண்டைக்கு...”

“பொறுங்கோ. முதல்ல எனக்கு ஒண்டைச் சொல்லுங்கோ.” அவர் அவளுக்கு அருகே வந்தார். கண்கள் கலங்கியிருந்தன. “அம்மா பிழைச்சவவோ?”

றுஷ்னா திரும்பித் தள்ளி நின்ற காரைப் பார்த்தாள்.

“நீங்கள் தெற்காலை திருப்பினதைப் பார்த்தனான். கொழும்புப் பெரியாசுபத்திரிக்கு எண்டு விளங்கிச்சு. மூண்டு வருசமா ஒவ்வொரு ஆடித் திருநாளுக்கும் தலவில் கோயில் அன்னம்மாளுக்கு ரெண்டு மெழுகுதிரி கொளுத்துறன். ஒண்டு என்ர தர்சிகாவுக்கு. மற்றது உங்கட அம்மாவுக்கு. என்ர பிள்ளை போனாலும் அந்தத் தாய் இருக்கிறா எண்டு நினைச்சாத்தான் தங்கச்சி எனக்கு நித்திரை வரும். அது மட்டும் இல்லாட்டி நான் எப்பவோ இந்தத் தண்ணிக்குள்ள இறங்கியிருப்பன்.” அவர் அவளுடைய முகத்தைத் தேடினார். “பிழைச்சவவோ?”

காற்று நின்றிருந்தது.

ஒரு வசனம். அது வாயில் இருந்தது. உப்பைப் போலக் கரித்தது. அவருடைய கண்கள் காத்திருந்தன, வரிசையில் நின்ற அதே கண்கள்.

“ஓம் ஐயா,” என்றாள் றுஷ்னா. “பிழைச்சிட்டா.”

அவர் நெற்றியிலும் மார்பிலும் சிலுவையிட்டார். பெருமூச்சு விட்டார். பிறகு அவளுடைய தோளுக்கு மேலால் காரைப் பார்த்தார். முகம் முழுவதும் மலர்ந்தது.

“அட, கூட்டிக்கொண்டே வந்திருக்கிறியள்! வெக்கைக்குள்ள இருத்தி வைச்சிட்டு, சொல்லாமல் நிக்கிறியளே!”

“ஐயா, வேணாம்.”

அவர் நடந்தார்.

“ஐயா!”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பின்கதவைத் திறந்தார். கதவடியிலிருந்து தண்ணீர் கொட்டியது. கறுப்பாக. சேறோடு. அவர் அதைக் காணவில்லை. குனிந்து கையை நீட்டினார்.

“மெல்ல, அம்மா. மெல்ல இறங்குங்கோ.”

உள்ளிருந்து ஒரு கை வந்து அவருடைய கையைப் பற்றியது.

ஒரு கால் தரையில் பதிந்தது. பிறகு மற்றது. காரின் பின்புறம் பாரம் நீங்கி மேலெழுந்தது. சால்வை. கறுப்புச் சால்வை. உம்மாவைக் குளிப்பாட்டியவர்களுக்கு லெஸ்டரில் றுஷ்னாவே தன் கையால் கொடுத்துவிட்ட சால்வை. தலைமுதல் கால்வரை. சொட்டச் சொட்ட.

மரியநாயகம் அதன் தோளை அணைத்துப் பிடித்தார். “வாங்கோ. வீட்டில மகளின்ர படம் இருக்கு. பார்க்கலாம்.”

அது நடந்தது. அவளை நோக்கி. சால்வையின் இடுக்கு விலகியது. ஒரு கண். அன்றைக்குப் போலவே ஒரே கண். இமைக்கவில்லை. சிரிக்கவில்லை.

அதன் கீழே, ஈரத் துணிக்குள், எழுபத்திரண்டு வயதுக் கிழவிக்கு இருக்க முடியாத பெரிய வயிறு. மற்றக் கை அதை அடியிலிருந்து தாங்கிப் பிடித்திருந்தது. கைக்கும் துணிக்கும் இடையில், மிக மெதுவாக, ஏதோவொன்று திரும்பிப் படுத்தது.